டீல் கரையில் கிடைத்த அந்த ஈயக் குழவி

தம்பி, பதிலுக்குப் போகுமுன் உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிவிடுகிறேன். இங்கிலாந்தின் கென்ட் கரையில், டீல் ஊரின் கூழாங்கல் கடற்கரையில், நெஞ்சளவு தண்ணீரில் மெட்டல் டிடெக்டரோடு இறங்கியிருக்கிறீர்கள். கல்லுக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் சத்தம் கேட்டுத் தோண்டியபோது ஒரு சாம்பல் நிற உலோகக் கட்டை. நீளம் 30 செ.மீ. அடிப்பக்கம் பருத்து 5 செ.மீ. அகலம், மேலே போகப் போகச் சிறுத்து 3 செ.மீ. எடை 4.3 கிலோ. மேல் நுனியில் ஒரு துளை, அதன் ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. அடியில் கிண்ணம் போல ஒரு குழி. பக்கவாட்டில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வெட்டு. வீட்டு வாட்ஸாப் குழுவில் ஒருவர் பீரங்கிக் குண்டு என்றாராம், ஒருவர் மணியின் நாக்கு என்றாராம், பெரியப்பா லிங்கம் என்றே முடிவு கட்டிவிட்டாராம். அம்மா மட்டும் "அம்மிக் குழவி மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்.

உருவத்தைப் பொறுத்தவரை அம்மாவுக்குத்தான் என் ஓட்டு. பொருள் என்னவென்றால், பழைய கப்பல்காரர்கள் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்த்த ஈயக்குண்டு. நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பல்களில் அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் எதிரொலி வைத்து ஆழம் காட்டும் கருவி எல்லாக் கப்பலிலும் வந்துவிட்டது. ஆனாலும் வாய்மொழித் தேர்வில் இந்தக் குண்டைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். நீங்கள் அனுப்பிய அடிப்பக்கப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதிச் சந்தேகம் போய்விட்டது. மீதிப் பாதியை அளவுகள் தீர்த்தன. எப்படி என்று சொல்கிறேன்; அடுத்த முறை வேறு ஏதாவது கிடைத்தாலும் உதவும்.

முதலில் என்ன உலோகம் என்று பார்க்க வேண்டும். நீங்கள் கொடுத்த நீள அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டையின் கன அளவு சுமார் 385 கன சென்டிமீட்டர் வருகிறது. இரும்பாக இருந்தால் எடை 3 கிலோ அளவில் நின்றிருக்கும். வெண்கலம் என்றால் மூன்றரைக்குள். தங்கம் என்றால் ஏழு கிலோவைத் தாண்டியிருக்கும், அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். 4.3 கிலோ என்பது ஈயத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. அளவுநாடாக் கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் ஊருக்குப் போகும் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கைத்தராசு இருக்கும். கட்டையை மெல்லிய கயிற்றில் கட்டி அந்தத் தராசில் தொங்கவிட்டு ஒரு எடை எடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் முழுக முழுக, வாளியின் அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிட்டு இன்னொரு எடை. ஈயம் என்றால் 3.9 கிலோவை ஒட்டிக் காட்டும். இரும்பு என்றால் 3.7க்கு வந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே விஷயம்தான். சுரண்டிப் பார்ப்பது, கத்தியால் கீறிப் பார்ப்பது, இதெல்லாம் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கென்ட் கரை இரண்டு உலகப் போர்களையும் நேருக்கு நேர் பார்த்த கரை. அங்கே உருளையாக, கனமாக, துருப்பிடித்து எது கிடைத்தாலும் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்றே முதலில் நினைக்க வேண்டும். உங்களுடையது துரு இல்லாமல் இருந்ததும், உள்ளே வெற்றிடம் இல்லாத கெட்டி ஈயமாக இருந்ததும் உங்கள் நல்ல நேரம். ஆனால் அது என்னவென்று தெரியும் முன்பே காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து சமையலறைத் தராசில் வைத்தீர்கள் பாருங்கள், அதை மறுபடி செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி வந்து, 999 அழைத்துக் கடலோரக் காவலைக் கேட்பதுதான் அங்கே முறை.

சரி, ஈயம் என்று ஆயிற்று. ஈயத்தில் கடலில் கிடைக்கும் நீளமான கட்டை எல்லாம் ஆழம் பார்க்கும் குண்டு ஆகிவிடாது. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல்கள் இருக்கின்றனவே, அவற்றின் சட்டத்துக்குள் எதிர் எடையாக நீள உருளைகள் தொங்கும். பெரும்பாலும் வார்ப்பிரும்பு, சிலது ஈயம். மேலே துளையும் இருக்கும். கடலில் இப்படி ஒன்று கிடைத்து ஆழக்குண்டு என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர், ஏனென்றால் மீனவர்களே அவற்றை வாங்கி வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஜன்னல் எடை மேலும் கீழும் ஒரே பருமனாக இருக்கும், அடியில் குழி இருக்காது. கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கு அடி கூராக இருக்கும். சுவர்க்கடிகாரத்தின் எடைக்கு வெளியே பல நேரங்களில் பித்தளைத் தகடு போர்த்தியிருப்பார்கள். வலைக்குண்டுக்கு நடுவிலே கயிறு ஓடும் துளை இருக்கும். இவை எதற்கும் அடியில் ஒரு கிண்ணம் குடைந்து வைக்க எந்தக் காரணமும் கிடையாது.

ஆழம் பார்க்கும் குண்டுக்குக் காரணம் இருக்கிறது. அந்தக் குழியில் மாட்டுக் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையில் முட்டும்போது அங்கே இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணலா, சேறா, சிப்பித் தூளா, சிறு கல்லா என்று பார்த்துக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சொல்வார்கள். கொழுப்பில் எதுவும் ஒட்டாமல் அடிபட்ட தழும்பு மட்டும் இருந்தால் கீழே பாறை. நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் சேறு, மணல், பார் (பாறைத்திட்டு) என்று கடலடியைப் பிரித்துச் சொல்வதும் இதே அறிவுதான். மூடுபனியில் கரை கண்ணுக்குத் தெரியாத ஆங்கிலக் கால்வாயில் ஆழமும் தரையின் நிறமும் சேர்ந்துதான் மாலுமிக்கு ஊர்ப்பெயர்ப் பலகை. இன்றைக்கும் கடல் வரைபடங்களில் ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் தரை மணலா சேறா என்று சுருக்க எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த வழக்கம் இந்தக் குழியிலிருந்து வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது தூத்துக்குடித் தோணியில் ஒரு தண்டல், அதாவது தோணியின் தலைவர், கொழுப்புக்குப் பதில் சவுக்காரத்தைப் பிசைந்து அப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

பழைமை என்று பார்த்தால் இது மிகப் பழைய கருவி. எகிப்தை நோக்கிப் போகும் கப்பல், கரை இன்னும் ஒரு நாள் தூரத்தில் இருக்கும்போதே குண்டு இறக்கினால் சேறு வரும், ஆழம் பதினொரு பாகம் இருக்கும் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். நைல் நதி கொண்டு வந்து கொட்டும் வண்டல் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அது. விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் மால்டா பக்கம் புயலில் சிக்கும் கட்டத்திலும் இது வருகிறது. முதலில் இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் பதினைந்து பாகம், கரை நெருங்குகிறது என்று பயந்து நங்கூரம் போடுகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் 'விழுதுவிட்டு' என்ற அழகான சொல் இருக்கிறது. ஆலமரத்து விழுது இறங்குகிற மாதிரி கயிறு இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாகம் என்பதும் நம் மீனவர் இன்றும் பேசுகிற அளவு, இரு கைகளையும் விரித்த நீளம். ஆங்கிலேயர் கணக்கில் அது ஆறு அடி, 1.83 மீட்டர்.

கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குண்டில் மிச்சம் இல்லாத பாதி அதுதான். கையால் வீசும் குண்டுக்கு 20, 25 பாகம் நீளக் கயிறு. அதில் 2 பாகத்தில் இரண்டு தோல் வார், 3இல் மூன்று தோல் வார், 5இல் வெள்ளைத் துணி, 7இல் சிவப்புத் துணி, 10இல் துளையிட்ட தோல், 13இல் நீலத் துணி, 15இல் மறுபடி வெள்ளை, 17இல் சிவப்பு, 20இல் இரண்டு முடிச்சு. வெள்ளைக்குப் பருத்தி, சிவப்புக்கு மெல்லிய கம்பளி, நீலத்துக்கு முரட்டுக் கம்பளி என்று துணி வகையையே மாற்றியிருப்பார்கள். இருட்டில் நிறம் தெரியாது, விரலுக்குத் தெரியும். குளிரில் விரல் மரத்துப் போனால் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். குறி விழுந்த அளவை ஒரு விதமாகவும் குறி இல்லாத அளவை வேறு விதமாகவும் ராகம் போட்டுக் கத்துவது வழக்கம். மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் இரண்டாவது குறிக்கு, அதாவது 12 அடி ஆழத்துக்கு, கத்திய கூவல்தான் 'மார்க் ட்வைன்'. அந்த ஆற்றில் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமன்ஸ் அதையே தன் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

இப்போது எடைக்கு வருவோம். கைக்குண்டுகள் 7 முதல் 14 பவுண்டு வரை இருக்கும். ஆழ்கடலுக்கு 28 பவுண்டும் அதற்கு மேலும், கயிறும் நூறு பாகத்துக்குக் குறையாது. உங்களுடையது 4.3 கிலோ, ஏறக்குறைய ஒன்பதரைப் பவுண்டு. பக்கத்தில் இருக்கும் வெட்டை ரோமன் எண் பத்து என்று எடுத்துக்கொண்டால் வார்த்த நாளில் 10 பவுண்டு, அதாவது 4.54 கிலோ இருந்திருக்க வேண்டும். மேல் துளையின் ஓரம் உடைந்ததும், கூழாங்கல்லில் காலம் காலமாக உரசித் தேய்ந்ததும் சேர்ந்து கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தின்றிருக்கும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் அந்தக் குறி எடைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு படகுக்காரர் தன் குண்டு அடுத்தவன் குண்டோடு கலந்துவிடாமல் இருக்கப் போட்ட வெட்டாகவும் இருக்கலாம். கத்தியால் ஈயத்தில் கோடு போடுவது யாருக்கும் எளிது.

அதனால்தான் கட்டையை இருட்டறையில் வைத்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக, பக்கவாட்டிலிருந்து அடித்துச் சுற்றிலும் பார்க்கச் சொல்கிறேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத மங்கிய குறிகள் நிழலில் எழுந்து வரும். குறிப்பாக ஓர் அம்புத்தலை, மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்வது போல, இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்து, பெரும்பாலும் கடற்படை. நம் ஊர் சர்வே கல்லில் இருக்கும் அம்புக்குறியின் சொந்தக்காரன். ஈயத்தில் ஒரு எழுத்து எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி இருக்கிறது. 1990களில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகாருக்கு வெளியே சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டபோது அதில் ஈயப் பாளங்கள் இருந்தன. பாளங்களில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தின் ஈயச் சுரங்கக் குடும்பத்தின் பெயர். அந்தப் பொறிப்பு இல்லாவிட்டால் அவை வெறும் பாளங்கள்தான்.

உங்களுக்கு அதிகம் தெரிய வேண்டியிருப்பது எத்தனை வருடம் பழையது என்பது. இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றப் போகிறேன். இந்தக் குண்டின் உருவம் நூற்றாண்டுகளாகப் பெரிதாக மாறவே இல்லை. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலும் ஆழக்குண்டுகள் கிடைத்தன, 20ஆம் நூற்றாண்டுக் கப்பல்களிலும் அதே மாதிரி குண்டு இருந்தது. ஈயம் இரும்பைப் போல அரித்துப் போகாது, மேலே சாம்பல் வெள்ளையாக ஒரு தோல் பிடித்து அப்படியே நின்றுவிடும். அதனால் 'பழசாகத் தெரிகிறது' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் நமக்குக் கதவு அடைபடுகிறது: 1870களில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, பியானோக் கம்பியில் இயங்கும் ஆழமானி இயந்திரத்தைக் கொண்டு வந்தார். அதற்கு மாட்டிய குண்டு 20 பவுண்டுக்கு மேல் எடையுள்ள நீள இரும்பு. உங்களுடையது அது இல்லை, கையால் வீசியது. யாராவது இணையத்தில் படத்தைப் பார்த்தே 'பதினேழாம் நூற்றாண்டு' என்று எழுதினால் புன்னகையோடு கடந்து போங்கள்.

காலத்தைவிட இடம் அதிகம் பேசுகிறது. டீல் ஊருக்கும் குட்வின் மணல்திட்டுக்கும் நடுவில் உள்ள கடலுக்கு 'டவுன்ஸ்' என்று பெயர். பாய்க்கப்பல் காலத்தில் சரியான காற்றுக்காகக் கப்பல்கள் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் காத்திருந்த இடம். சென்னைக்குப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் அங்கேதான் காத்துக் கிடந்தன. பல மாதம் கழித்து வந்து சேர்ந்த சென்னையிலும் அப்போது துறைமுகம் கிடையாது, திறந்த கடலில்தான் நங்கூரம். ஆக, இரண்டு முனையிலும் இதே குண்டைத்தான் நம்பினார்கள். 1703 நவம்பர் பெரும்புயலில் கடற்படைக் கப்பல்கள் பல குட்வின் திட்டில் நாசமாயின. 1740இல் டச்சுக் கம்பெனியின் ரோஸ்வைக் கப்பல் வெள்ளியோடு அங்கேயே மூழ்கிப் போனது. ஆனால் உங்கள் குண்டுக்கு ஒரு கப்பல் உடைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் நகர்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு குண்டைத் தரையில் இறக்கிக் கயிற்றைத் தளர்வாக விட்டு வைப்பார்கள். கயிறு முன்பக்கம் இழுத்து விறைத்தால் நங்கூரம் வழுக்குகிறது என்று பொருள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் அடுத்தவன் நங்கூரக் கயிற்றில் மாட்டி அறுந்து போன குண்டுகள் எத்தனையோ. கரையிலிருந்தே அலையில் படகு தள்ளி அந்தக் கப்பல்களுக்குத் தண்ணீரும் சாமானும் வழிகாட்டியும் கொண்டு போன டீல் படகுக்காரர்களிடமும் இதே குண்டு இருந்தது. கரைக்கு இவ்வளவு அருகில் கிடைத்ததால் என் ஊகம் அந்தப் படகுகளின் பக்கமே சாய்கிறது.

சட்டம். பிரிட்டனில் கப்பலைச் சேர்ந்த பொருள் எதைக் கடலிலிருந்து எடுத்தாலும், சின்னதோ பெரியதோ, 28 நாளுக்குள் 'ரிசீவர் ஆஃப் ரெக்' என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் சொல்வது அது. ஒரு வருடம் வரை உரிமையாளர் யாராவது வருகிறாரா என்று பார்ப்பார்கள். வராவிட்டால், இப்படிச் சின்னப் பொருளைக் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவது சகஜம். பயந்து ஒளித்து வைப்பதுதான் குற்றமாகும். இன்னொன்று, கடற்கரையில் டிடெக்டர் வைத்துத் தேட, முடியரசின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட் அமைப்பு தரும் பொது அனுமதி அலை வடியும்போது வெளியே தெரியும் கரைக்குத்தான். எப்போதும் நீருக்குள் இருக்கும் தரைக்கு அது செல்லாது. நீங்கள் நின்ற நெஞ்சளவு நீர் எந்தப் பக்கம் என்று வற்றும் நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுத்தம் செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழாய்த் தண்ணீரில் உப்புப் போக அலசி நிழலில் காய வையுங்கள், அவ்வளவுதான். கம்பித் தூரிகை கூடாது, அந்தச் சாம்பல் தோல்தான் அதற்குக் கவசம், குறிகள் இருந்தால் அவையும் அதில்தான் இருக்கும். வினிகரும் எலுமிச்சையும் கிட்டவே வரக் கூடாது. வினிகர் ஈயத்தைக் கரைத்து விஷ உப்பாக்கிவிடும். ஓக் மர அலமாரியில் வைத்தால்கூட அந்த மரம் விடும் அமில ஆவியே போதும், சில வருடத்தில் வெள்ளைத் தூளாக உதிர ஆரம்பிக்கும். அருங்காட்சியகக்காரர்கள் ஈயத்தை ஓக் பெட்டியில் வைக்காததற்குக் காரணம் இதுதான். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். உதிரும் வெள்ளைத் தூள் நஞ்சு, கையுறை போட்டுத் தொடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பெரியப்பா கேட்டாலும் பூஜை அறைக்கு அனுப்ப வேண்டாம், அபிஷேகப் பாலும் புளித்தால் அமிலம்தான்.

அடிக்குழியை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். உங்கள் படத்தில் குழியின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டு, அதில் மணல் ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது. வெறும் கடல் அழுக்காகவும் இருக்கலாம். கடைசியாக அப்பிய கொழுப்பின் மிச்சமாகவும் இருக்கலாம். குழியை நேராகவும் சாய்வாகவும் இரண்டு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்து அனுப்புங்கள். கூடவே மேல் துளைக்குள் கயிறு உரசிய பள்ளம் எந்தப் பக்கம் ஆழமாக இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்லுங்கள்.